தின்னர் நாற்றத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

போன இதழில் விசைத்தறிக் கூடத்துச் சத்தத்தால் காது கெடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தறியைப் பற்றியே இல்லை. "எங்கள் இடத்தில் அவ்வளவு சத்தம் கிடையாது, ஆனாலும் காது மந்தமாகிறது" என்கிற மாதிரிக் கடிதங்கள், எல்லாம் மை, பெயிண்ட், பசை, ரெசின் புழங்குகிற இடங்களில் இருந்து. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பாக்கெட் கவர் அச்சடிக்கிற கம்பெனியில் 22 வருடமாக மிஷின்மேன். இரண்டு மூன்று வருடமாக நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறார். டிவி சத்தம் தெருவுக்கே கேட்கிறது. கம்பெனியில் சத்தத்தை அளந்து பார்த்து லிமிட்டுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம், காதில் வைக்க இயர் பிளக்கும் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர், வயதானால் இப்படித்தான் என்கிறார். தினமும் சட்டையில் தின்னர் நாற்றத்தோடு வருகிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
– வாசகி, சிவகாசி

பதில்: இருக்கலாம் அம்மா, நன்றாகவே இருக்கலாம். அந்த டாக்டர் மேல் கோபப்படாதீர்கள், ஒரு காலத்தில் நானும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். காது மந்தம் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் "சத்தமான இடத்தில் வேலையா?" என்று ஒரே ஒரு கேள்வி, இல்லை என்றால் வயது, பரம்பரை, சர்க்கரை என்று போய்விடுவேன். என்ன திரவத்தில் கை நனைக்கிறீர்கள், வேலை இடத்தில் என்ன வாடை வரும் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. காதைக் கெடுப்பது எதுவானாலும் காதுத் துவாரம் வழியாகத்தான் வரும் என்கிற நினைப்பு. 46 வயதில் முதுமையால் இந்த அளவுக்குக் காது மந்தமாவது வழக்கமில்லை, அதை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்.

பிஸ்கட், மசாலா, ஷாம்பு பாக்கெட் அச்சடிக்கிற கிரேவியூர் மிஷினில் மை சீக்கிரம் காய வேண்டும். அதற்காக டொலுவீன், எத்தில் அசிடேட் மாதிரி சட்டென்று ஆவியாகிற திரவங்களை மையில் கலப்பார்கள், சிலிண்டர் துடைப்பதும் பல இடங்களில் அவற்றால்தான். இதில் டொலுவீன்தான் காதுக்கு ஆகாதது. அதன் ஆவி மூச்சில் ஏறி நுரையீரலில் இருந்து ரத்தத்துக்குப் போகிறது, வெறுங்கையால் தொட்டால் தோல் வழியாகவும் கொஞ்சம். கொழுப்பில் எளிதாகக் கரைகிற பொருள் அது, அதனால் மூளை, நரம்பு என்று போய்த் தங்கும். உள்காதையும் அது விட்டுவைப்பதில்லை.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் உண்டு. அதற்குள் மூன்று வரிசையாகச் சுமார் 12,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் இருக்கிற இன்னொரு வரிசைக்குக் கொடுப்பது இவற்றின் வேலை. அந்த வரிசைதான் நரம்புக்குச் சேதி சொல்லும். பெருஞ்சத்தம் இந்த மூன்று வரிசைச் செல்களை ஆட்டி ஆட்டிக் களைக்க வைத்துக் கொல்கிறது. டொலுவீனும், பைபர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீனும் ரத்தத்தோடு பின்வாசல் வழியாக வந்து அதே செல்களைக் கொல்கின்றன. எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில், சத்தமே இல்லாத கூண்டில் இந்த ஆவியை மட்டும் கொடுத்தும் செல்கள் செத்திருக்கின்றன. இன்னொரு வேலையும் நடக்கிறது. பெரிய சத்தம் கேட்டதும் நடுக்காதில் ஒரு சின்னத் தசை சுருங்கி, உள்ளே போகிற சத்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். உடம்பு தானாகச் செய்துகொள்கிற காவல் அது. டொலுவீன் அந்த அனிச்சைச் செயலை மழுங்கடிக்கிறது என்பதைப் பிரான்சில் பியேர் காம்போ குழுவினர் எலிகளில் காட்டினார்கள். காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குள் புகுகிற கதைதான்.

இதை மனிதர்களிடம் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள், அதுவும் உங்கள் கணவர் செய்கிற தொழிலிலேயே. பிரேசிலில் அச்சு, பெயிண்ட் தொழிலாளர்கள் சுமார் 190 பேரைச் சோதித்து தாயிஸ் மொராட்டா என்பவர் 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சத்தமும் ரசாயனமும் இல்லாத இடத்தில் வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், சத்தத்தில் மட்டும் வேலை பார்த்தவர்களுக்குக் காது கெடும் வாய்ப்பு 4 மடங்கு. சத்தம் அதிகம் இல்லாமல் கரைப்பான் (தின்னர், டொலுவீன் மாதிரித் திரவங்கள்) கலவையில் மட்டும் வேலை பார்த்தவர்களுக்கு 5 மடங்கு. சத்தமும் டொலுவீனும் சேர்ந்த அச்சுக்கூடத்துக்காரர்களுக்கு 11 மடங்கு. அதற்கு முன்பே 1986-ல் ஸ்வீடனில் இருந்து ஒரு தகவல் வந்திருந்தது. மரம் அறுக்கும் பிரிவு, காகிதக்கூழ்ப் பிரிவு இவற்றையெல்லாம்விடச் சத்தம் குறைவாக இருந்த ரசாயனப் பிரிவில்தான் அதிகம் பேருக்குக் காது கெட்டிருந்தது. 20 வருடம் தொடர்ந்து பார்த்துச் சொன்ன கணக்கு அது.

இப்போது அந்த "லிமிட்டுக்குள்" விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் ஒரு நாளுக்கு 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதி. அமெரிக்காவில் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்கிற அளவு 85. பார்ப்பதற்கு 5-தான் வித்தியாசம், ஆனால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகும், ஆகவே அது சின்ன வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியம், இந்த இரண்டு எண்களுமே சத்தத்தை மட்டும் மனதில் வைத்துப் போட்டவை. பக்கத்தில் டொலுவீன் டிரம் திறந்திருக்கிறதா என்று சத்தம் அளக்கிற மீட்டருக்குத் தெரியாது. டொலுவீனுக்கென்று தனி வரம்பு இருக்கிறது, இந்தியாவில் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. அமெரிக்க அரசுசார் தொழில் சுகாதார வல்லுநர்கள் அமைப்பு சொல்வது 20. சத்தத்தை அளக்க ஒருவர் வருவார், காற்றை அளக்க இன்னொருவர் வருவார், இரண்டு பேரும் தனித்தனியாக "சரி" என்று எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டையும் சேர்த்து யார் பார்ப்பது? ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே சத்தம் பற்றிய உத்தரவில், காதைக் கெடுக்கும் ரசாயனத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் முதலாளி கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. அமெரிக்காவில் நியாஷும் தொழில் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2018-ல் இதே விஷயத்துக்காக ஒரு தனி அறிக்கையே வெளியிட்டன.

இயர் பிளக் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கட்டாயம் போடட்டும், ஆனால் அது சத்தத்தை மட்டும்தான் தடுக்கும். அதையும் தின்னர்க் கையோடு உருட்டிக் காதில் செருகக் கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரிகிற வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் காது வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள்.

அடுத்து ஆடியோகிராம் என்கிற காது கேட்கும் சோதனை எடுங்கள். வார விடுமுறை முடிந்து, வேலைக்குப் போவதற்கு முன்பு எடுப்பது நல்லது. ஷிஃப்ட் முடிந்த கையோடு போனால் தற்காலிக மந்தமும் சேர்ந்து காட்டும். போகும்போது டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வாயால் "தின்னர்" என்று சொன்னால் அதற்குள் பத்து விதம் இருக்கும். சத்தத்தால் கெட்ட காது, ஆடியோகிராம் வரைபடத்தில் வழக்கமாக 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தத்துப் பக்கம் பள்ளமாகத் தெரியும், ரசாயனத்தால் கெட்டதும் அதே மாதிரி தெரியலாம், இன்னும் அகலமாகவும் பரவியிருக்கலாம். வரைபடத்தை மட்டும் பார்த்து இதுதான் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதனால்தான் அந்த லேபிள் படம் அவ்வளவு முக்கியம்.

வீட்டில் நீங்கள் செய்ய ஒன்று இருக்கிறது. "செவிடா" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். அவர் காதில் சத்தம் விழுகிறது, எழுத்துதான் விழவில்லை. கடை, படை, தடை மூன்றும் ஒன்று போலக் கேட்கிறவரிடம் இன்னும் உரக்கக் கத்திப் பயன் இல்லை, முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னால் புரியும்.

கேள்வி: பைபர் படகு கட்டுகிற யார்டு வைத்திருக்கிறேன். கிரைண்டர் ஓடுவது நாளில் ஒன்றிரண்டு மணி நேரம்தான். ஆனால் பையன்கள் காதில் கொய்ங் என்று சத்தம் வருகிறது என்கிறார்கள். எல்லோருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வேறு என்ன செய்ய?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அண்ணாச்சி, கேட்டதற்கே நன்றி, பல முதலாளிகள் கேட்பதில்லை. கிரைண்டர் ஒன்றிரண்டு மணி நேரம், சரி. ரெசின் வாடை எத்தனை மணி நேரம்? பாலியெஸ்டர் ரெசினில் இருப்பது ஸ்டைரீன். கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு ரெசின் தடவி ரோலர் உருட்டும்போது, அது இறுகும் வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். காதைக் கெடுக்கும் கரைப்பான்கள் பட்டியலில் டொலுவீனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பெயர் அது. பிரஷ் கழுவ வைத்திருக்கும் அசிட்டோனைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், தீ விஷயத்தில் அந்தப் பயம் சரிதான், ஆனால் காது விஷயத்தில் வில்லன் ரெசின்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த மாஸ்க் துணியோ பேப்பரோ என்றால் அது தூசியை ஓரளவு நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும், ஆர்கானிக் வேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். கார்ட்ரிட்ஜுக்கு ஆயுள் உண்டு, மாற்றாமல் வருடக்கணக்காக மாட்டியிருந்தால் அது வெறும் அலங்காரம். தாடி வைத்திருந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது.

அதற்கும் முன்னால் காற்று. ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், அதனால் படகின் உள்பள்ளத்தில் தேங்கும். பையன் குனிந்து உட்கார்ந்து ரோலர் உருட்டுவது சரியாக அந்தப் பள்ளத்தில்தான். மேலே மின்விசிறி சுழல்வதால் பயன் இல்லை, கீழே இருந்து இழுத்து வெளியே தள்ளுகிற மாதிரி வைக்க வேண்டும். கடல்காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் முதுகு இருக்கும்படி ஆளை நிறுத்துங்கள், காசு செலவு இல்லாத வேலை. ரெசின் டப்பாவுக்கு மூடி போடுங்கள். அப்புறம், ஒருவர் கிரைண்டர் பிடிக்கும்போது பக்கத்திலேயே இன்னொருவர் ரெசின் தடவி லேமினேஷன் போடுகிறாரே, அதை முதலில் நிறுத்துங்கள். சத்தம் ஒரு நேரம், ரெசின் ஒரு நேரம் என்று பிரித்தால் தூசியும் ரெசினில் விழாது, உங்களுக்கும் வேலை சுத்தமாக வரும். ஆனால் நேரத்தைப் பிரித்ததோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், காலையில் ஏறிய ஸ்டைரீன் மாலை வரை உடம்பில் இருக்கும். ஆகவே கிரைண்டர் பிடிப்பவருக்கு இயர் மஃப் கட்டாயம். கொய்ங் சத்தம் என்று சொன்ன பையன்களுக்கு இந்த மாதமே ஆடியோகிராம் எடுங்கள், பெரும்பாலும் அந்தச் சத்தம்தான் முதலில் வரும், மந்தம் பின்னால் வரும்.

கேள்வி: கார் பெயிண்டிங் வேலைக்கு வந்து நாலு வருடம். ஆரம்பத்தில் தின்னர் வாசனை தலைவலிக்கும், இப்போது பழகிவிட்டது, ஒன்றும் தெரிவதில்லை. உடம்பு ஏற்றுக்கொண்டது என்று மேஸ்திரி சொல்கிறார். சரியா சார்?
– வாசகர், வயது 23, மதுரை

பதில்: பழகியது மூக்கு மட்டும்தான், தம்பி. ஒரே வாசனையில் நின்றால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அளவு குறைந்ததாக அர்த்தம் இல்லை. கடிதத்தில் நீங்கள் எழுதாத இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், வேலை முடிந்ததும் நண்பர்களோடு குடிப்பது உண்டா? டொலுவீனையும் சாராயத்தையும் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்ற வேண்டும். சாராயம் உள்ளே வந்தால் டொலுவீன் வெளியேறுவது தாமதமாகி ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். எலிகளில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது காதுச் சேதம் அதிகமானது. பெயிண்ட் அடித்த நாளில் குடிப்பது மற்ற நாளில் குடிப்பதைவிட மோசம், அவ்வளவு தெரிந்தால் போதும். மேஸ்திரி இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு ஆடியோகிராமுக்குப் போங்கள்.

கேள்வி: ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். காது டெஸ்ட் நார்மல் என்று வந்துவிட்டது. ஆனால் கல்யாண வீட்டில், பஸ்ஸில், நாலு பேர் பேசினால் ஒன்றும் புரியவில்லை. பொய் சொல்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், ஆம்பூர்

பதில்: பொய் இல்லை. ஆடியோகிராம் என்பது அமைதியான அறையில் "பீப்" கேட்கிறதா என்று பார்க்கிற சோதனை. நீங்கள் வாழ்வது பீப் சத்தத்துக்கு நடுவில் இல்லை. கரைப்பான்களின் தனிக் குணம் என்னவென்றால், அவை உள்காதோடு நிற்பதில்லை, காதில் இருந்து மூளைக்குப் போகும் பாதையையும் மூளையில் சத்தத்தைப் பிரித்தறியும் இடங்களையும் தொடுகின்றன. அதனால் கேட்கும், ஆனால் இரைச்சலுக்கு நடுவில் பேச்சைப் பிரித்தெடுக்க வராது. ஆடியோகிராம் சரியாக இருந்தும் இந்தக் குறை இருப்பதைக் கரைப்பான் புழங்கும் தொழிலாளர்களிடம் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். செவித்திறன் நிபுணரிடம் போய் "இரைச்சலில் பேச்சு புரிகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் செய்யுங்கள்" என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் இருக்காது, பெரிய ஊர் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். பசை டப்பாவில் டொலுவீன், ஹெக்சேன் என்று இருக்கிறதா பார்த்து அதையும் சொல்லுங்கள். கை கால் விரல் மரத்துப்போவது உண்டா? ஹெக்சேன் நரம்பையும் பிடிக்கும். உண்டென்றால் காதோடு சேர்த்து அதையும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கம்பெனியில் யூரின் டெஸ்ட் எடுத்தார்கள், டொலுவீன் அதிகம் என்றார்கள். நான் அன்று லீவில் இருந்து வந்த முதல் நாள். எப்படி?
– வாசகர், ஓசூர்

பதில்: ஹிப்யூரிக் அமிலம் பார்த்திருப்பார்கள். டொலுவீன் உடம்பில் அதுவாக மாறி வெளியேறும். ஆனால் ஊறுகாய், கூல்டிரிங்க் இவற்றில் கெடாமல் இருக்கப் போடும் பென்சோயேட்டும் அதே அமிலமாகத்தான் மாறும். முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசியுங்கள். ஷிஃப்ட் முடிவில், இவற்றைத் தவிர்த்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஆர்த்தோ கிரெசால் என்று இன்னொரு சோதனை உண்டு, அதில் இந்தக் குழப்பம் இல்லை.

கேள்வி: வேலையால் காது போனது என்றால் நஷ்டஈடு கிடைக்குமா? எங்கள் எச்.ஆர். "இங்கே 88 டெசிபல்தான், அதனால் இது எங்கள் பொறுப்பு இல்லை" என்கிறார். நான் இருப்பது பெயிண்ட் ஷாப்.
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வராமல் பதில் எழுதத் தெரியாது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், டாக்டர் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு அதில் இருந்தது, அதற்குப் பதிலாக 2020-ல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இருந்தது. ஆனால் கவனியுங்கள், எல்லா இடத்திலும் காது என்று வரும்போது எழுதியிருப்பது சத்தம் மட்டும்தான். கரைப்பானால் காது போகும் என்று அங்கே ஒரு வரி இல்லை. உங்கள் எச்.ஆர். நிற்பது அந்த ஓட்டையில்தான்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, "ரசாயனத்தால் போனது" என்று மட்டும் வாதாடாமல் சத்தத்தையும் சேர்த்தே எழுதுவது. 88 என்பது சுழியம் இல்லை, 85-க்கு மேல் போனாலே காதுக்கு ஆபத்து என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம், பெயிண்ட் ஷாப்பில் அதோடு கரைப்பானும் சேர்கிறது என்று டாக்டர் தன் கைப்பட எழுதித் தரட்டும். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த ஆடியோகிராம் இருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், இல்லை என்றால் இல்லை என்பதையாவது எழுத்தில் வாங்குங்கள். எந்த வருடம் எந்தப் பிரிவில், எந்த ரசாயனம், எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள், நாலு வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. இஎஸ்ஐ இருந்தால் அந்த மருத்துவமனை வழியாகவே போங்கள், எவ்வளவு இழப்பு என்று சொல்வது மெடிக்கல் போர்டு. இதற்கிடையில் டிபிக்கோ வேறு தொற்றுக்கோ ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவையும் காதைப் பாதிக்கும் மருந்துகள்தான், பின்னால் எதிர்த் தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் உங்கள் வழக்குதான் பலவீனமாகும்.

கேள்வி: போன காது திரும்ப வருமா? காதில் நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார்கள்.
– வாசகி, விருதுநகர்

பதில்: செத்த மயிர்ச் செல் மனிதருக்கு மறுபடி முளைக்காது. எண்ணெய் செவிப்பறைக்கு வெளியேதான் நிற்கும், கெட்டது அதற்கு ரொம்ப உள்ளே. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் சீழ் பிடிக்க வைக்கும், சூடாக இருந்தால் புண்ணாகும், எனவே விடாதீர்கள். ஹியரிங் எய்டு உதவும், வாங்குவதற்கு முன் இரண்டு வாரமாவது போட்டுப் பார்க்கக் கொடுக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டே சத்தமான மிஷின் பக்கம் நிற்கக் கூடாது, அங்கே போகும்போது கழற்றிவிட்டு இயர் மஃப் மாட்ட வேண்டும்.